முன்பணம் கட்டிய கார்

காரின் பின்சீட்டில் நடுவில் உட்காருவது யாருக்கும் பிடிப்பதில்லை. எனக்குப் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஆள் இருப்பார்கள்; கண் அசந்தால் யார் தோளிலாவது சாயலாம். விசாரணை அதிகாரியான நீங்கள் இதைக் கேட்கவில்லைதான். என் மகளும் கேட்கவில்லை.

விடுமுறைக்கு மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் இருவர் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். வந்தார்கள் என்றால், என் வீட்டில் ஒரே ஓர் இரவு. மறுநாள் காலை மலைக்குப் புறப்பாடு. வாடகைக் காருக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. அவர்களுடைய போன் இங்கே வேலை செய்யாது என்பதால் என் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பயணத்தில் என் பங்கு அந்த எண் மட்டும்தான்.

"நானும் வரட்டுமாம்மா? நடு சீட்டு காலியாத்தானே இருக்கு."

"அங்க கூலர் பாக்ஸ் வைக்கணும்ப்பா. அதோட மலை ரோடு, உங்க முதுகு தாங்காது. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க."

முதுகு வலிக்கிறது என்று எப்போதோ ஒருமுறை போனில் முனகியிருந்தேன். அதை வைத்து என்னை முதுகெலும்பே இல்லாதவனாக்கிவிட்டாள். ஓய்வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேலையை விட்டதிலிருந்து நான் எடுத்த ஓய்வை எடுத்துக் கொடுத்தால் ஒரு ராணுவமே படுத்துத் தூங்கும்.

அன்று மாலை அவர்கள் ஸ்வெட்டர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். என் போனில் செய்தி வந்தது. காரை உறுதி செய்ய ஒன்று, ரத்து செய்ய இரண்டு. நான் இரண்டை அமுக்கினேன். உடனே அழைப்பு வந்தது. கார் கம்பெனி கவுண்டரில் உட்காரும் பெண்.

"சார், தெரியாம கேன்சல் பண்ணிட்டீங்களோன்னு கேக்கறேன். இப்ப பண்ணா பணம் திரும்ப வராது சார்."

"தெரிஞ்சுதாம்மா பண்ணேன்."

"அச்சச்சோ. வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையா?"

என் வீட்டு ஆட்களின் உடம்பைப் பற்றி அக்கறையாக ஒரு குரல் விசாரித்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் எல்லோரும் மூட்டை முடிச்சோடு கவுண்டரில் நின்றோம்; நான் வழியனுப்பப் போயிருந்தேன். அந்தப் பெண் என் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தாள்.

"சார், நேத்து நீங்கதானே பேசினீங்க? கேன்சல் பண்ணச் சொன்னீங்களே. காரை வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சே."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அமைதியாகச் சொன்னேன். "எத்தனை மணிக்கு வரணும்னு சொல்லத்தான் கூப்பிட்டாங்கம்மா. கேன்சல்ங்கற பேச்சே வரலையே."

நான் வேலைக்காலம் முழுவதும் ஒரு பெரிய கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தவன். எந்த விதிமுறையையும் பின்னட்டையிலிருந்து படிப்பவன். பணம் கட்டிய வண்டியை ரத்து செய்தால், அலுவலக போனில் கூப்பிட்டு வாய்ச்சொல்லாக உறுதி வாங்க வேண்டும், அது பதிவாக வேண்டும் என்று அவர்களே போட்டிருந்தார்கள். கிழவனின் விரல் தவறிப் படுவது சகஜம். அதற்காகத்தானே அந்த விதி. பதிவைப் போடுங்கள் என்றேன். பதிவு இல்லை. அலுவலக லைன் செத்துக் கிடந்ததால், என் பணம் போய்விடக்கூடாதே என்று தன் சொந்த போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள்.

அப்புறம் நான் பேசிய பேச்சுக்கு நாடாளுமன்றமே எழுந்து நின்றிருக்கும். பணம் வாங்கினால் அதே ரகக் கார், இல்லையென்றால் அதைவிடப் பெரியது, ஒரு பைசா கூடக் கேட்கக்கூடாது. அதுவும் இல்லையென்றால் பணமும் நஷ்டஈடும். ஐயா, அதில் ஒரு வார்த்தை தப்பில்லை. நுகர்வோரின் உரிமை அப்படியே அதுதான். சீசன் நேரம், ஊரில் ஒரு வண்டி மிச்சமில்லை.

"மாமா, பின்னிட்டீங்க. எங்க கல்யாணத்துல கூட நீங்க இவ்ளோ பேசலையே" என்றார் மாப்பிள்ளை.

"அன்னிக்கு நஷ்டம் எனக்கு மாப்ள, ஆனா புகார் குடுக்க இடமில்ல."

மகள் கூடச் சிரித்தாள். விடுமுறை முழுக்க என் வீட்டிலேயே இருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் நாற்காலி போதாமல் நான் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். அரசர்கள் கூட அவ்வளவு சுகமாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

புகார் ஜெயித்தது, பணம் வந்தது. கூடுதல் வாடகைக்கு ஆசைப்பட்டு காரை வேறொருவருக்கு விற்றுவிட்டாள் என்று கம்பெனி அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கியது. அதற்குள் மகள் குடும்பம் விமானம் ஏறிவிட்டது.

பிறகு ஒரு நாள் அவளே என் வாசலில் வந்து நின்றாள்.

"சார், உங்க மேல கோவமில்ல. மறந்திருப்பீங்க. நல்லா யோசிச்சுப் பாத்து, ஆமா அப்படித்தான் பேசினோம்னு மேனேஜர்ட்ட சொன்னா போதும். வேலைய திருப்பிக் கேட்டு நான் போட்ட மேல்முறையீடு முடியறதுக்குள்ள சொல்லணும். இல்லன்னா வேற எந்தக் கார் கம்பெனியும் என்னை உள்ளயே விடமாட்டான் சார்."

யோசிக்கிறேன் என்றேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தாள். லேசாக ஞாபகம் வருகிற மாதிரி இருக்கிறது என்றேன். அவள் முகம் தெளிந்தது. அடுத்த முறை பிஸ்கட் கொண்டுவந்தாள். ஃபியூஸ் போன பல்பை மாற்றிக் கொடுத்தாள். அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தள்ளிப்போவதைச் சொன்னாள். நான் என் முதுகைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஞாபகம் வரவழைத்தேன். முழுவதும் வந்துவிட்டால் அவள் எதற்கு வரப்போகிறாள்?

மேல்முறையீடு முடியும் தேதி எனக்குத் தெரியும். அன்றும் வந்தாள். அன்று தேநீரைத் தொடவில்லை.

"உங்களுக்கு மறக்கவே இல்ல, இல்ல சார்?"

"இல்லம்மா."

"முதல் நாளே தெரியும் எனக்கு. மனசு மாறுவீங்கன்னு பாத்தேன்."

கதவைச் சாத்தும்போது கூடச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனாள். நல்ல வளர்ப்பு.

மேல்முறையீடு தோற்ற பிறகு அவள் உங்கள் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்த மனுவில் இருப்பதெல்லாம் உண்மை, ஐயா. ரத்து செய்தவன் நான். அவள் கேட்டாள், தெரிந்தே செய்தேன் என்று சொன்னேன், பிறகு எல்லோர் முன்னாலும் பொய் சொன்னேன், அவள் வேலை போகும்வரை சும்மா இருந்தேன், போன பிறகும் சும்மா இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். இந்த வாக்குமூலம் அவள் கையில் கிடைத்தால் வேலை திரும்பக் கிடைக்கும் என்கிறீர்கள், எனக்கும் சந்தோஷம்தான். அந்தப் பெண்ணுக்கு நான் கெடுதல் நினைத்ததே கிடையாது.

கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஆனால் நீங்கள் எடுத்துப் போக வேண்டாம். தபாலும் வேண்டாம், வழியில் தொலைந்துவிடும். அவளையே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.