பட்டென்று திறந்த வால்வு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே! பிரய்லா துறைமுகத்தின் பெரியோர்களே! தாய்மார்களே! கைக்கரி கழுவிய ஈரத்தோடு வந்திருக்கும் தோழர்களே! முன்வரிசையில் கறுப்புடையில் அமர்ந்திருக்கும், என் தங்கை போன்ற அக்லாயா! மேற்பார்வையாளர் செனோவியாவின் வணக்கம்.

நம் கப்பல் பட்டறையின் வெல்டர், அக்லாயாவின் கணவன் பாம்ஃபில் மறைந்து இன்றோடு ஓராண்டு. அவனை எரித்தது எது? வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று இயற்பியல் பாடநூலில் எழுதியிருக்கிறதே, அது!

"பாடம் வேணாங்க, விஷயத்துக்கு வாங்க!" என்கிறார் பின்னாலிருந்து ஓர் அண்ணன். அண்ணா, இந்தப் பாடம்தான் விஷயம்!

மலையேறும் காற்று விரிந்து குளிர்கிறது, மேகமாகிறது. மலையிறங்கும் காற்று அழுந்திச் சூடாகிறது. டீசல் எந்திரத்தில் தீப்பொறி ஏது? சட்டென்று அழுத்திய காற்றின் சூடல்லவா எண்ணெயைக் கொளுத்துகிறது! வெப்பம் வெளியேற நேரமில்லை, தோழர்களே, நேரமில்லை!

ஆக்சிஜன் சிலிண்டரைப் பட்டென்று திறந்தால் அதுவே நடக்கும். வாயு பாய்ந்து, வால்வில் மாட்டிய அழுத்தக் குறைப்பானின் சின்னக் குழிக்குள் அழுந்தும். நொடியில் தகிக்கும். உள்ளிருக்கும் ரப்பர் பற்றும். பித்தளையே எரியும்.

இது பாம்ஃபிலுக்குத் தெரியாதா? தெரியும்! அன்று காலை அவன் சொன்னான்: "கொஞ்சம் பொறுங்கக்கா. இத மெதுவாத்தான் திறக்கணும்."

"பொறுத்தா கப்பல் கெளம்பிடும்யா!" என்றேன் நான்.

"கெளம்பட்டுமே. நீங்க போடற சத்தத்துல தானா திரும்பி வந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்தது. "வாய் பேசாம பட்டுன்னு திற! இல்லன்னா வேற ஆளப் போடறேன்!" என்றேன். திறந்தான். வெள்ளைத் தீ ஒன்று சீறியது. மூன்றாம் நாள் மருத்துவமனையில் உயிர் போயிற்று.

விசாரணை அறிக்கை என்ன சொன்னது? 'தொழிலாளியின் கவனக்குறைவு.' அதன் கீழே கையெழுத்திட்ட கை எது? இந்தக் கை!

அவனா அவசரப்பட்டான்? அவசரப்படுத்தியவள் நான்! அவனா கவனமில்லாதவன்? கவனமாயிருந்தவனை மிரட்டியவள் நான்! இன்று காலை இதையெல்லாம் எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். வேலை போகட்டும், சிறை வரட்டும், அவன் பேர்மேல் விழுந்த பழி போகட்டும்!

அக்லாயா எழுந்து நிற்கிறாள். கேள் அம்மா.

"வருஷம் பூரா எங்க வீட்டுக்கு வந்து, பக்கத்துல ஒக்காந்து அழுதீங்களேக்கா. அப்பல்லாம் ஏன் சொல்லல?"

பயம், அக்லாயா. பயத்தைத் தவிர வேறு காரணமே இல்லை.

மேடை தந்த தலைவருக்கும் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. கைதட்ட வேண்டாம். வணக்கம்.