மூன்றாவது வளைவு

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரணாலயத்தில் வேலை செய்கிற மற்றவர்களைக் கேட்டால் நூறு புகார் சொல்வார்கள். பறவைகள் கலைகின்றன, கரை சிதைகிறது, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து முதலுதவி அறையை நாசம் செய்கிறார்கள் என்பார்கள். எனக்கு அப்படியெல்லாம் இல்லை. காலையில் வரும்போது அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். மேலெல்லாம் சேறு தெறித்துத் திரும்பும்போது அது இன்னும் கூடியிருக்கும். இருபத்திரண்டு வருடமாக அவர்களுக்காகத் தடங்களைப் பார்த்துக்கொண்டவள் நான்.

ஆற்றை ஒட்டிப் பதினொரு கிலோமீட்டர் தடம். பச்சைக் கம்பம் நட்டது குழந்தைகளுக்கு, நீலம் பழகியவர்களுக்கு, கறுப்பு கை தேர்ந்தவர்களுக்கு. மழை பெய்து ஓய்ந்ததும் முழுக்க நடந்து பார்ப்பேன். மரப்பாலத்தில் பலகை ஆடினால் முடுக்குவேன். ஓட்டத் தகுதியில்லாத இடத்தில் ‘தடம் மூடப்பட்டுள்ளது’ என்ற போர்டை வைத்து, இரண்டு மரத்துக்கு நடுவே சிவப்பு நாடா கட்டி, பதிவேட்டில் நேரத்தோடு எழுதுவேன். என் போர்டைத் தாண்டிப்போய் விழுந்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

தம்பி எனக்குப் பதின்மூன்று வயது இளையவன். அம்மா இறந்துபோனபோது அவனுக்கு ஆறு வயது. அப்பா கொஞ்ச நாள் எங்களோடு இருந்தார், பிறகு வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். இந்த வேலை கிடைத்த வருடம், பச்சைத் தடத்தில் வைத்து அவனுக்குச் சைக்கிள் பழக்கினேன். மற்றவர்கள் ஒரு வாரத்தில் சீட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். நான் நாலு மாதம் எடுக்கவில்லை. “அக்கா, நீ விட்டாத்தானே நான் ஓட்ட முடியும்?” என்று அழுவான். விழுந்தால் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பேன். நீதான் என்பான். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கும். அதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

முப்பத்தொரு வயதில் அவன் கறுப்புத் தடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடியவனாக இருந்தான். சனிக்கிழமைகளில் ஆறரை மணிக்கெல்லாம் வந்துவிடுவான். அப்படி வந்த ஒரு சனிக்கிழமையில்தான் அந்தப் பல் டாக்டரைச் சந்தித்தான். நல்ல பெண். சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வாள், பல் டாக்டராக இருந்துகொண்டு. என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். அவளைப் பற்றியும் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து டயருக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டே அவன் சொன்னான்.

“அக்கா, நாங்க அடுத்த மாசம் கிளம்பறோம்.”

“எங்கடா?”

“அவளுக்குக் கடலோரத்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. ரயில்ல ஒன்பது மணி நேரம்தான். எனக்கும் அங்க ஒரு சைக்கிள் கடையில பேசியாச்சு.” பிறகு டயரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, “நீயும் வந்துடேன்க்கா” என்றான்.

நீயும் வந்துவிடேன் என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம். அவன் சொன்னது, செருப்பை மாட்டிக்கொண்ட பிறகு வாசலில் நின்று சொல்கிற விதம். நான் சரி பார்க்கலாம் என்றேன். அன்றைக்கு அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

அந்த வாரம் மூன்று நாள் விடாத மழை. ஆறு ஏறி, வெள்ளிக்கிழமை இறங்கியது. மாலையில் நடந்து பார்த்தபோது கறுப்புத் தடத்தின் மூன்றாவது வளைவில் தண்ணீர் கரையை அடியில் குடைந்திருந்தது. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே புல், கீழே வெறும் காற்று. போர்டு வைத்தேன், நாடா கட்டினேன், பதிவேட்டில் ஐந்து மணி பத்து நிமிடம் என்று எழுதினேன். என் கடமையில் குறை வைக்கவில்லை என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய் அந்தப் போர்டை மடக்கி எடுத்தேன். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு நாணல் மறைவில் உட்கார்ந்தேன். ஒரு கை முறியும் என்று நினைத்தேன். கை என்றால் ஆறு வாரம், கால் என்றால் மூன்று மாதம். அவள் வேலையில் சேர வேண்டிய நாளுக்குப் போய்விடுவாள், இவன் கட்டோடு வீட்டில் இருப்பான். ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் எந்தப் பிரியமும் மூன்று மாதம் தாங்காது. இவ்வளவுதான் என் எண்ணம். இதைவிடப் பெரிதாக எதுவும் நினைக்கவில்லை.

வேறு யாராவது முதலில் வந்திருந்தால் என்று கேட்டீர்கள். வந்தார்கள். ஓர் அப்பாவும் அவருடைய மகளும். அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், ஹெல்மெட் வார் தளர்வாக இருந்தது. எழுந்துபோய், “சார், தடம் மூடியிருக்கு, நீலத்துல போங்க” என்று சொல்லி, அவளுடைய வாரையும் இறுக்கிவிட்டேன். நான் பொறுப்பில்லாதவள் அல்ல. அன்றைக்கு அங்கே போர்டே இல்லை, ஒரு அம்மாதான் வந்து சொன்னார்கள் என்று அந்த மனிதர் இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான். அவர் மேலும் எனக்கு வருத்தமில்லை.

தம்பி ஆறு முப்பத்தைந்துக்கு வந்தான். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தான். போர்டு இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். அது அவனுடைய வழக்கம். இல்லை என்று தெரிந்ததும் அக்கா பார்த்துவிட்டாள் என்ற நம்பிக்கையில் மிதித்தான்.

கரை சரிவது பெரிய சத்தமாக இருக்காது. மூட்டையை இறக்கிவைத்ததுபோல ஒரு சத்தம். நான் நினைத்ததைவிட ஆழம். கீழே கல் இருந்ததை நான் கவனித்திருக்கவில்லை.

அவன் “அக்கா” என்று கூப்பிட்டான். நான் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. உயிர்போகிற வலியில் அவன் பல் டாக்டரைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டான். இதை நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் போர்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன். இன்னொருவர் வந்து விழுந்துவிடக் கூடாது. நாடாவைக் கட்டி, தம்பி முட்டிக்கொண்டு போன மாதிரி இருக்கட்டும் என்று நடுவில் அறுத்துவிட்டேன். அதற்கு ஏழு நிமிடம் ஆயிற்று. அதுவரை அவன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு இறங்கிப்போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். தூக்கக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவன் என் தம்பி.

இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்று டாக்டர்கள் சொன்னார்கள். பல் டாக்டர் வேலையை வேண்டாமென்று எழுதிப்போட்டுவிட்டாள். இது நான் எதிர்பார்க்காதது. “நான் எங்கயும் போகலக்கா, இங்கயே இருந்து பாத்துக்கறேன்” என்று வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பிக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் போய் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று தம்பியிடம் சொன்னேன். இரண்டும் சின்னப் பொய்கள். அவனுடைய போன் என்னிடம்தான் இருந்தது. அவள் பன்னிரண்டு முறை வீட்டு வாசல்வரை வந்தாள். பிறகு வரவில்லை.

முதல் சில மாதம் அவன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அக்கா, அங்க போர்டு இருந்துச்சா?”

“இருந்துச்சுடா.”

“நான் பாத்தேனேக்கா. ரெண்டு பக்கமும் பாத்தேன்.”

“நீ பாத்ததா நெனச்சிட்டிருக்கே. அடிபட்டா அப்படித்தான் இருக்கும்.”

மெல்ல மெல்ல அவனுக்குத் தன் கண் மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது. அடுப்பு அணைந்திருக்கிறதா, கதவு சாத்தியிருக்கிறதா, இன்று என்ன கிழமை, எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்பான். போன மாதம் அவனுக்குச் சட்டை மாற்றிவிட்டபோது, “உன் போர்டை மதிக்காமப் போயிட்டேன். உனக்கு இவ்வளவு கஷ்டம் வெச்சுட்டேன். மன்னிச்சிடுக்கா” என்றான்.

நான் மன்னித்துவிட்டேன்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. போர்டை எடுத்தது நான், திரும்ப வைத்ததும் நான். என்னை எங்கே அனுப்புவீர்களோ அனுப்புங்கள். அவனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இடது குதிகாலில் ஒரு புண் ஆறிக்கொண்டு வருகிறது, அதன் மேல் போர்வை படக் கூடாது. பல் டாக்டரைக் கூப்பிடப் போவதாகச் சொன்னீர்கள். அது தேவையில்லை. அவன் என்னோடு சந்தோஷமாகத்தான் இருக்கிறான். நம்பிக்கை இல்லையென்றால் அவனையே கேளுங்கள். ஆனால் நான் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். நான் இல்லாவிட்டால் என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியாது.