பிளாட்டினத்துக்கு மூன்று நாள் குறைவு

ஹோட்டல் தலையணை எனக்கு எப்போதுமே ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர். மறுநாள் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதனால் ஆசைக்குப் போய்த் தங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

நான் லிஃப்ட் பரிசோதகன். பதினாறு வருடம் ஊர் ஊராகச் சுற்றி, ஒரே நிறுவனத்தின் ஹோட்டல்களில் தங்கிச் சேர்த்தது அவர்களுடைய பிளாட்டினம் உறுப்பினர் தகுதி. தனி வரிசை, பெரிய அறை, பெயர் சொல்லி வணக்கம். வீட்டில் நான் ஒப்புக்குச் சப்பாணி. அங்கே நான் ஒரு ஆள். முன்பு வருடத்துக்கு ஐம்பது நாள் தங்கினால் போதும், இந்த வருடம் எழுபது ஆக்கிவிட்டார்கள். சலுகைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டார்கள், காலைச் சிற்றுண்டி உட்பட. இருந்தும், மூன்று நாள் குறைகிறது, வருடம் முடிந்தால் சாதாரண உறுப்பினர் என்று கடிதம் வந்தபோது அன்றே மூன்று நாளுக்கு அறை போட்டேன். வேறு ஆளை அனுப்பினால் செல்லாது. நானேதான் தங்க வேண்டும்.

மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து ஒரு மாதம். எழுந்திருக்க முடியாது. ஹோட்டல் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில்தான்.

"எதுக்குங்க இப்போ? எனக்குப் பயமா இருக்கு, போகாதீங்க," என்றாள்.

"மூணே நாள். கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடுவேன்."

அவளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அம்மாவிடம், நானே வீட்டில் இருப்பதாகச் சொல்லி லீவு கொடுத்தேன். இல்லையென்றால் மைத்துனரிடம் போட்டுக்கொடுத்துவிடுவார். தண்ணீர், பிஸ்கட், மாத்திரை, போன் எல்லாம் கைக்கெட்டும்படி வைத்துவிட்டுத்தான் வெளியே பூட்டினேன்.

இரண்டாம் நாள் காலையில் பதினோரு முறை கூப்பிட்டாள். பிளாட்டினம் ஓய்வறையில் போன் பேசக் கூடாது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், எடுத்தால் எழுந்து போய்விடுவேனோ என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். மதியத்துக்கு மேல் அழைப்பு வரவில்லை. சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

மூன்று நாளும் முடிந்து, தகுதி உறுதியானதும் வீட்டுக்குத்தான் நடந்தேன். சாவியைத் துவாரத்தில் நுழைத்தேன். உள்ளே முனகல் கேட்டது. கதவைத் திறந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சாவியை உருவிக்கொண்டு ஹோட்டலுக்கே திரும்பிவிட்டேன். அப்போது திறந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம்.

வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்று சிரித்தாள்.

"இன்னும் ஒரு நாள் தங்குறீங்களா சார்? உங்களுக்கு இலவசம்."

நீங்களாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்களா?