ஐந்தாம் பாகம், இருநூற்றுப் பதினாலாம் பக்கம்

இல்லம்மா, எட்டு நோட்டு இல்ல, ஒன்பது. எட்டு பாகத்துக்கு நான் குறிப்பு எழுதி வச்ச நோட்டு எட்டு. ஒன்பதாவது, நீங்க இப்ப எழுதப்போற கடைசி பாகத்துக்காக எழுத்தாளரே வாங்கிக் குடுத்தது. வாங்கின மூணாம் மாசம் போய்ச் சேர்ந்துட்டார். அது வெறும் தாள். அதுல ஒண்ணுமே இல்லன்னு பதிப்பாளர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன், நம்பல. அதான் உங்களை நேரா இந்த அறைக்கே அனுப்பிட்டார் போல.

நான் ப்ரூஃப் பார்க்கிறவன்மா. ஒற்று, எழுத்துப் பிழை, பக்க எண். எட்டாம் வகுப்போட படிப்பு முடிஞ்சுது. உங்களுக்கே நாலு நாவல் வந்திருக்கு, என்கிட்ட வந்து மாயக்கதை எப்படி எழுதணும்னு கேக்குறீங்களே. சரி, கேட்டுட்டீங்க. எனக்கு ஆளைப் பார்த்துப் பேச வராது, ஓரத்துல பென்சில்ல எழுதித்தான் பழக்கம். நீங்க அந்த ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தீங்கன்னா சொல்லிடுவேன்.

முதல்ல தூரம். வாசகன் பறக்கிற பாம்பை நம்பிடுவான்மா, அதுல அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ஆனா முதல் பாகத்துல கோட்டைக்கு நாலு நாள் ஆகுது, நாலாவது பாகத்துல அதே குதிரை அதே கோட்டைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள போய்ச் சேருதுன்னா நம்ப மாட்டான். நான் ஓரத்துல எழுதினேன், குதிரைக்கும் இறக்கை இருக்கான்னு. எழுத்தாளர் சிரிச்சுட்டு வழியில ரெண்டு ராத்திரி சேர்த்தார். அந்த ரெண்டு ராத்திரியிலதான் இளவரசன் தன் பயத்தைச் சொல்றான். நீங்க பேட்டியில ரொம்பப் பிடிச்ச இடம்னு சொன்னீங்களே, அதேதான். குதிரை களைச்சதால வந்தது அது.

அப்புறம் விலை. மந்திரக்காரன் ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு ஞாபகத்தை இழப்பான்னு முதல் பாகத்துல எழுதியாச்சு. நான் எண்ணிக்கிட்டே வந்தேன். பதினேழு மந்திரம் போட்டுட்டான், இன்னும் அம்மா பேரு, பள்ளிக்கூடம், முதல்ல நீந்தின குளம், எல்லாம் ஞாபகம் இருக்கு. என்னய்யா, கடனுக்கா மந்திரம் போடுறான்னு எழுதினேன். வில்லனும் அப்படித்தான். எட்டு பாகத்துல அவன் ஒரு வாய் சாப்பிடல. பசிக்காத ஆளைப் பார்த்து நான் எதுக்குப் பயப்படணும்? அதை மட்டும் அவர் கேட்கல. நீங்களாவது அவனுக்கு ஏதாவது போடுங்க.

ஆளுங்களைப் பத்தியா? கதாநாயகனுக்கு என்ன வேணும்னு எல்லாரும் எழுதிடுவாங்கம்மா. கதவு திறந்து விடுறவனுக்கு என்ன வேணும்னு யோசிங்க. அவனுக்கு ரெண்டே வரி இருக்கலாம். அந்த ரெண்டு வரியும் கதாநாயகனை உள்ளே விடுறதுக்கு மட்டும்னா அவன் ஆள் இல்ல, தாழ்ப்பாள்.

ஆமா, ஐந்தாம் பாகத்துல ஒரு வாசல் காவல்காரன் வருவான். கணக்குக்காரன்னு எல்லாரும் கூப்பிடுவாங்க. சுவர்ல எத்தனை கல்லுன்னு எண்ணுவான், வர்றவன் போறவன் செருப்பை எண்ணுவான், யாராவது பேச்சுக் குடுத்தா வாய் குழறும். அவன் பொண்டாட்டி பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்திட்டு ஒரு உப்பு வியாபாரியோட கிளம்பிப் போவா. சிரிங்கம்மா, பரவாயில்ல, சிரிக்கத்தான் எழுதினது. அச்சுக்கூடமே சிரிச்சுது. பைண்டிங் பண்றவர் அந்தப் பக்கத்தைச் சத்தமா வாசிச்சுக் காட்டினார். நானும் நின்னு கேட்டேன்.

சரி, நீங்க கேட்க வந்ததுக்கு வர்றேன். மருத்துவச்சி. மூணாம் பாகம் முன்னூத்தி எண்பத்தெட்டாம் பக்கத்துல செத்துப்போறா. நாப்பத்தியொரு பேர் மண்ணு போடுறாங்க. ஐந்தாம் பாகத்துல இளவரசன் கால்ல காயம், மருத்துவச்சி வந்து தண்ணி ஊத்திக் கழுவுறா. ஒரே ஒரு வரி. அதுக்கு எத்தனை கடிதாசி வந்துச்சு தெரியுமா? முன்னூத்திப் பன்னெண்டு. செத்தவ எப்படி வந்தா, எழுத்தாளர் என்னமோ பெருசா வச்சிருக்கார்னு. வாசகர் கூட்டத்துல ஒருத்தர் எழுந்து கேட்டார். எழுத்தாளர் சும்மா சிரிச்சுட்டு, பொறுங்கன்னார். அந்த ஒரு வார்த்தைதான். அதுக்கப்புறம் அவளை எழுப்பாம இருக்க முடியுமா? ஆறு, ஏழு, எட்டு, மூணு பாகமும் அவளுக்கே போச்சு. செத்தவங்க திரும்பி வரலாம்னு ஆனதும் யாரும் எதுக்கும் பயப்படல. போர்னா திருவிழா மாதிரி ஆயிடுச்சு. புத்தகம் நல்லா வித்துச்சு, அது வேற. அவருக்கு எழுதப் பிடிக்காமப் போச்சு. ஒரு பாகத்துக்கு ஒரு வருஷம் எடுத்தவர், எட்டாவதுக்கு ஆறு வருஷம் எடுத்தார்.

புரியுதும்மா. அந்த ஒரு வரிக்குள்ள அவர் வச்ச திட்டம் தெரிஞ்சாத்தான் உங்களால முடிவு எழுத முடியும். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாச்சு, அஞ்சு மாசம்தான் இருக்கு, லட்சம் பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. என் நோட்டுல ஒரு குறிப்பாவது இருக்கும்னு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க.

இல்லம்மா. மருத்துவச்சியோட மகள்னு எழுத நினைச்சவர், கை பழக்கத்துல மருத்துவச்சின்னு எழுதிட்டார். அவ்வளவுதான். சாதாரணமா வர்ற தப்பு. அதைப் பிடிக்கத்தான் ப்ரூஃப்னு ஒரு வேலையே இருக்கு.

கேட்காம என்ன, எழுத்தாளரும் கேட்டாரே. புத்தகம் வந்து பத்தாம் நாள் இங்க வந்தார், இதே இடத்துல உக்காந்தார். நீங்க பார்க்கலையான்னு மட்டும் கேட்டார். கண்ணு முன்ன மாதிரி இல்லன்னு சொன்னேன். திட்டல. அடுத்த வாரம் அவரே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். டாக்டர் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார், கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். பழைய கண்ணாடியே போதும், பவர் ஒண்ணும் மாறலன்னார். எழுத்தாளர் பக்கத்துலதான் நின்னார். ஆறாம் பாகத்துலேருந்து அந்தக் காவல்காரன் வரவே இல்ல, கவனிச்சிருக்கீங்களா?

அந்த இடத்தை நீங்க வாசிச்சிருப்பீங்க. பொண்டாட்டி மூட்டையோட வாசலைத் தாண்டுறா. கணக்குக்காரன் தடுக்கல, அழல. பேரேட்டைத் திறந்து வச்சுக்கிட்டு, நீ எத்தனை மணிக்குத் திரும்பி வருவேன்னு கேக்குறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்ச இடம். நான் எங்க வீட்டு வாசல்ல நின்னு கேட்டது அது. என் சம்சாரம் படி இறங்கினா. உலகத்துல எழுத்தாளர் ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருந்தேன், ஒரு நாள் டீ குடிக்கிறப்ப, வாய் குழறிக் குழறி. அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டார். நல்ல மனுஷன்தான்.

அது ப்ரூஃபா என் மேசைக்கு வந்துச்சு. இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம். மணிக்குத் திரும்பின்னு வரணும், ஒற்று விட்டுப்போயிருந்துச்சு. போட்டேன். அவ படி இறங்குற வரியில முற்றுப்புள்ளி இல்ல. அதையும் வச்சேன். பக்கத்தைத் திருப்பினேன், இன்னொண்ணும் திருப்பினேன்.

முப்பத்தியொரு வருஷத்துல நான் பிடிச்ச தப்பு நாப்பதாயிரத்துக்கு மேலம்மா. விட்டது ஒண்ணு. இருநூத்திப் பதினாலாம் பக்கம், ஒன்பதாவது வரி. பென்சில் முனை மருத்துவச்சிங்கிற அந்த வார்த்தை மேலயே நின்னுச்சு, எடுத்துட்டு அடுத்த வரிக்குப் போயிட்டேன்.

அதனால நீங்க அங்க எதையும் தேட வேண்டாம். அவளை எப்படி முடிக்கணுமோ முடிச்சுக்கோங்க.