அரைக் கோப்பை

நாச்சியா: ...சிரிக்காத ஸஜீதா. நேத்து அஸர் தொழுகைக்குப் புடிச்ச விக்கல். இன்னும் நிக்கல்ல.

ஸஜீதா: சிரிக்கல்ல மதினி. என் கூடப்பொறந்த நானாவ யாரு இப்புடி விடாம நெனைக்கிறதுன்னுதான்...

நாச்சியா: அதத்தான் நானும் கேட்டேன். "எந்தக் கொமரி ஒங்கள நெனைக்கிறா, பேரச் சொல்லுங்க"ன்னு. முந்தின்னா ஒண்ணுக்கு நாலா திருப்பிக் குடுப்பாரு. நேத்து சும்மா முகட்டப் பாத்துட்டுக் கெடந்தாரு.

ஸஜீதா: உள்ள போய்ப் பாக்க ஏலாதா?

நாச்சியா: பன்னெண்டு மணிக்குத்தான் கதவு தொறப்பாங்க. இரத்தம் சுத்தமாக்குற மெசின்ல போடுற முறை ரெண்டு மணிக்கு. அதுவரைக்கும் நமக்கு இந்த பெஞ்சுதான். நீ பல்லேபொலயில எத்தன மணிக்கு பஸ் ஏறின?

ஸஜீதா: ஏழு மணிக்கு. இந்தாங்க... இடியப்பமும் சொதியும். காலைல இருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டீங்க.

நாச்சியா: தொண்டையில எறங்காது புள்ள. வெச்சிடு. பையில வேற என்ன இருக்கு? காமரங்கா இருக்கா?

ஸஜீதா: இல்ல.

நாச்சியா: ஒன் தோட்டத்துல நாலு காய் பிச்சிட்டு வந்திருக்கலாமே. வாய்க்கு ஒண்ணுமே புடிக்கல்லன்னு சொல்றாரு மனுசன்.

ஸஜீதா: மரம் காய்க்கல்ல மதினி.

நாச்சியா: அந்த மரமா? நோம்பு மாசம் கூடை கூடையா குடுத்த மரம்...

ஸஜீதா: அதான்... ஒரேயடியா காய்ச்சு ஓஞ்சு போச்சு. ஒண்ணு ரெண்டு வந்ததையும் வவ்வா...

நாச்சியா: முஸம்மில் போன கெழம கடைக்கு வந்தப்ப ஒண்ணும் சொல்லல்லயே. வேலியோரம் வெயில் விழுது, கறுவா நடப்போறேன்னுதான் சொன்னாரு.

ஸஜீதா: எங்கட மனுசனுக்கு மரம் செடியெல்லாம் எங்க கண்ணுல படுது?

நாச்சியா: நல்ல மரம்டி அது. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஸக்கரியாட ஓட்டோவுல ஒரு கூடை வந்து எறங்கும். எங்கட மகள் அம்றா அந்த அஞ்சு மூலக் காய நட்சத்திரம் நட்சத்திரமா வெட்டித் தட்டுல அடுக்குவா. அவரு தட்டப் பாக்கவே மாட்டாரு. பாங்கு சொல்லி ஒரு பேரீச்சம்பழம், பொறகு ஜூஸ் ஜக்கத் தூக்கி அப்புடியே...

ஸஜீதா: மதினி...

நாச்சியா: சர்பத்து குடுக்க ஏலாதே, சீனி வருத்தம். நீதானே வழி சொன்ன. "புளிப்பு ஜூஸ் அடிச்சுக் குடுங்க மதினி, சீனியும் எறங்கும், சூடும் எறங்கும்"னு.

ஸஜீதா: சரி, விடுங்களேன் அத.

நாச்சியா: ஏன்டி சள்ளுன்னு விழுற? நல்லதுதானே சொன்ன. பன்னெண்டாம் நோம்புக்கு மூத்திரம் கடுக்குதுன்னாரு, கோப்பி நெறத்துல போகுதுன்னாரு. நோம்புச் சூடுதான்னு நான் இன்னொரு கோப்ப கூடக் குடுத்தேன். இருபத்தஞ்சுக்கெல்லாம் காலு வீங்கிப் போச்சு. பெருநாளன்னைக்கு ஒரு சொட்டு மூத்திரம் போகல்ல. எல்லாரும் தொழுதுட்டு வட்டிலப்பம் தின்னாங்க, நாங்க இங்க வந்து கெடந்தோம். இந்தச் சீனி இருக்கே... உள்ளுக்குள்ளயே இருந்து கிட்னியத் தின்னுருக்கு.

ஸஜீதா: டொக்டர் அப்புடித்தான் சொன்னாரா?

நாச்சியா: மொதல்ல அப்புடித்தான். பொறகு, "சீனி இவ்வளவு வேகமா கிட்னிய முடிக்காதே, நாட்டு மருந்து ஏதாவது குடிச்சாரா"ன்னு கேட்டாரு. வல்லாஹி, ஒரு கசாயம்கூட எங்க வீட்டுல காய்ச்சினதில்ல. இல்லன்னு சொன்னேன்.

ஸஜீதா: ...ஓ.

நாச்சியா: பெருநா கழிஞ்சு பத்தாம் நாள் ஊசியால கிட்னியில ஒரு துண்டு எடுத்துப் பாக்கணும்னாரே. அப்ப நீ குறுக்க நின்ன. "நானாட ஒடம்புல கத்தி வெக்க வேணாம், நானே ஒரு கிட்னி தாறேன்"னு. நெனச்சா இப்பவும் எனக்குக் கண்ணு கலங்குது. கூடப் பொறந்தவங்க நாலு பேரு. நீ ஒருத்திதான் முன்னுக்கு வந்த.

ஸஜீதா: அழாதீங்க மதினி. பாக்கிறாங்க.

நாச்சியா: பாக்கட்டும். திங்கக்கெழமதானே கண்டியில ஒனக்குக் கடைசி டெஸ்ட்? முஸம்மில் சம்மதிச்சிட்டாரா?

ஸஜீதா: என்னோட பேசி ஒம்பது நாளாவுது. பேசாட்டிப் போகட்டும். கிட்னி என்னோடது.

நாச்சியா: இப்புடி ஒரு தங்கச்சி யாருக்குக் கெடைப்பா... இந்தா, நர்ஸ் மிஸ் வாறாங்க.

ஷியாமளா: இத்ரூஸோட ஆளுங்க யாரு? நீங்கதானம்மா?

நாச்சியா: ஓ மிஸ். நான் அவரோட மனைவி. இவ தங்கச்சி. விக்கல் நின்னுடுச்சா?

ஷியாமளா: இல்ல. நேத்து வீட்டுல என்ன சாப்பிட்டாரு?

நாச்சியா: நீங்க எழுதித் தந்ததுதான் மிஸ். சோறு கொஞ்சம், உப்பில்லாத கோழி ஒரு துண்டு. வாழப்பழம் வீட்டுக்கே வாங்குறதில்ல.

ஷியாமளா: தண்ணி?

நாச்சியா: அளந்துதான். அந்தச் சின்னப் போத்தல் ஒண்ணு, முழு நாளைக்கும்.

ஷியாமளா: வேற பழம், ஜூஸ், எளநி... எதுவும்?

நாச்சியா: இல்ல.

ஷியாமளா: நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நான் ஏச வரல்ல.

நாச்சியா: ...இல்ல மிஸ்.

ஷியாமளா: சரி. எங்கயும் போயிடாதீங்க. டொக்டர் வந்திட்டிருக்காரு.

ஸஜீதா: மதினி.

நாச்சியா: என்ன?

ஸஜீதா: "இல்ல"ன்னு சொல்ல முந்தி ஏன் கீழ பாத்தீங்க?

நாச்சியா: நான் எங்க பாத்தேன்? காலு கடுக்குது, பாத்தேன்.

ஸஜீதா: தண்ணி கூடக் குடுத்தீங்களா?

நாச்சியா: நீ என்ன பொலிஸா?

ஸஜீதா: சும்மாதான் கேட்டேன்...

நாச்சியா: கேக்க லேசு. நீ ஒரு நாள் அந்த மனுசனுக்குப் பக்கத்துல இருந்து பாத்திருக்கியா? ஒதடு வெடிச்சு, நாக்கு தோலு மாதிரி ஒட்டிக்கிட்டு... நான் சட்டி கழுவினா குசினி வாசல்ல வந்து நிப்பாரு. எதுக்குன்னு கேட்டா, "சும்மா, தண்ணிச் சத்தம் கேக்க"ம்பாரு. தொழ முந்தி வுளூ செய்ற நேரம் வாய் கொப்பளிச்சாலும் நான் பக்கத்துல நிக்கிறேன், முழுங்கிடுவாரோன்னு. கட்டின புருசனுக்குத் தண்ணிக் காவல்! அல்லாஹ் யாருக்கும் இந்த வேலயக் குடுக்கக் கூடாது.

ஸஜீதா: தெரியும் மதினி...

நாச்சியா: ஒனக்கு ஒண்ணும் தெரியாது.

ஷியாமளா: அம்மா! கொஞ்சம் எந்திரிங்க. அவரு காலைல பேச்சு எப்படி? தெளிவா பேசினாரா?

நாச்சியா: பேசினாரே. கொஞ்சம் சொணங்கிச் சொணங்கி... ஏன் மிஸ்?

ஷியாமளா: என்னைய உம்மாங்குறாரு. கட்டிலுக்குக் கீழ ஆத்துல தண்ணி போகுது, மொண்டு குடுங்கன்னு கேக்குறாரு.

நாச்சியா: யா அல்லாஹ்!

ஷியாமளா: தலையில இரத்தம் அடைச்சிருக்கோன்னு டொக்டருக்கு யோசன. கண்டிக்கு ஸ்கேனுக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் சொல்லியிருக்காங்க.

ஸஜீதா: அப்ப மெசின்?

ஷியாமளா: அங்க போயி, ஸ்கேன் பாத்து, பொறகுதான். அஞ்சாறு மணித்தியாலமாவது போகும். அதனாலதான் டொக்டர் இன்னொரு தடவ கேட்டுட்டு வரச் சொன்னாரு. விடாத விக்கலு, இப்படி மனசு கொழம்புறது, ரெண்டும் ஒண்ணா வந்தா சாப்பாட்டுல போன ஏதாவது நஞ்சாக்கூட இருக்கலாம். அப்படின்னா ஸ்கேன் தேவையில்ல, இந்த நிமிசமே மெசின்ல போட்டுடுவோம்.

நாச்சியா: நான்... நான் நஞ்சு குடுப்பேனா அவருக்கு?

ஷியாமளா: ஐயோ, அப்படிச் சொல்லல்லம்மா. ஆம்புலன்ஸ் வரதுக்குள்ள ஞாபகம் வந்தா கதவத் தட்டுங்க. நான் உள்ளதான் நிக்கிறேன்.

ஸஜீதா: மதினி. இங்க பாருங்க. என்னையப் பாருங்க.

நாச்சியா: கைய விடு, நோவுது.

ஸஜீதா: நேத்து என்ன குடுத்தீங்க?

நாச்சியா: ஒண்ணுமில்ல, விடு.

ஸஜீதா: அம்றா தல மேல ஆண! என்ன குடுத்தீங்க?

நாச்சியா: பச்சப்புள்ள மாதிரி அழுதாரு ஸஜீதா. லுஹருக்குத் தொழ ஒக்காந்தவரு, தொழுகை விரிப்புலயே சாஞ்சு, "நாச்சியா, ஒரே ஒரு மொடக்கு"ன்னு என் கைய எடுத்து நெத்தியில வெச்சுக்கிட்டாரு. முப்பத்தொரு வருசத்துல அவரு ஒண்ணுக்கும் என்னையக் கெஞ்சினதில்ல. தண்ணி அளவு முடிஞ்சு போச்சு. தண்ணி குடுத்தா நெஞ்சுல நீர் கட்டும்னு பயம். இதுன்னா மூத்திரத்த எறக்குமே, கேடு செய்யாதேன்னு...

ஸஜீதா: எது?

நாச்சியா: நீ நோம்புக்கு அனுப்பினதுல மிஞ்சினத அடிச்சு ஒரு போத்தல் ஐஸ் பெட்டியில வெச்சிருந்தேன். அதுல அர கோப்ப... அவ்வளவுதான். காமரங்கா ஜூஸ். குடிச்சிட்டு எவ்வளவு சந்தோசமா... எங்க போற? ஸஜீதா! சொல்லாதடி, ஏசுவாங்க! அளவுக்கு மேல குடுத்தேன்னு...

ஸஜீதா: மிஸ்! மிஸ், கதவத் தொறங்க! காமரங்கா! நேத்துப் பகல் காமரங்கா ஜூஸ் குடிச்சிருக்காரு!

ஷியாமளா: காமரங்காவா? எவ்வளவு?

ஸஜீதா: அர கோப்ப. நோம்பு மாசம் பூரா குடிச்சாரு மிஸ். பகல் முழுக்கத் தண்ணியில்லாம இருந்து, வெறும் வயித்துல, ஒரு ஜக்கு. ஒரு நாளும் தவறாம.

ஷியாமளா: கடவுளே... டொக்டர்! டொக்டர், ஆம்புலன்ஸ நிப்பாட்டுங்க! மூணாம் கட்டில், காமரங்கா! ...ஏம்மா, இத மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதா?

நாச்சியா: மருந்து குடிச்சாரான்னுதானே மிஸ் கேட்டீங்க... அது பழம்... பழந்தானே...

ஷியாமளா: நல்ல கிட்னியையே அது அப்படியே அடைச்சுப் போடும்மா. கிட்னி போன ஆளுக்குன்னா நேரா மூளைக்கு ஏறும். மொத நாளே தெரிஞ்சிருந்தா சீனின்னு நெனச்சிருக்க மாட்டாங்க. இப்படிப் போன கிட்னி, அத நிப்பாட்டி மெசின்ல வெச்சிருந்தா, சில பேருக்குத் தானா திரும்பி வேல செய்யும்.

நாச்சியா: திரும்பி... திரும்பி வந்திருக்குமா? யாரோட கிட்னியும் இல்லாமலா?

ஷியாமளா: வந்திருக்கலாம். இப்ப அதப் பேச நேரமில்லம்மா. மெசின்ல போடப் போறோம். துஆ கேளுங்க.

நாச்சியா: மிஸ்... மிஸ், பொழைப்பாரா?

ஷியாமளா: வழிய விடுங்கம்மா.

ஸஜீதா: ஒக்காருங்க மதினி. விழுந்துடுவீங்க.

நாச்சியா: என் கையாலயே குடுத்தேன். ஐஸு தொண்டையப் புடிக்கும்னு கரைய வெச்சுக் குடுத்தேன். பழத்துல நஞ்சு இருக்கும்னு எனக்கு எப்புடிடி தெரியும்? நம்ம ஊர்ல யாருக்குத் தெரியும்?

ஸஜீதா: தண்ணி கொஞ்சம் குடிங்க மதினி.

நாச்சியா: ஒனக்கு எப்புடித் தெரியும்?

ஸஜீதா: என்ன?

நாச்சியா: நான் பேரச் சொல்லி வாய் மூடல்ல, நீ எந்திரிச்சு ஓடின. மிஸ் கேக்க முந்தியே நோம்பு, வெறும் வயிறுன்னு எல்லாம் சொன்ன. ஒனக்கு எப்புடித் தெரியும் ஸஜீதா?

ஸஜீதா: எங்க ஊரு கிளினிக்ல... சொவத்துல படம் ஒட்டியிருக்கு. காமரங்கா, பிலிம்பிக் காய், ரெண்டுக்கும் மேல செவப்புல கோடு போட்டு. வெறும் வயித்துல சாறு குடிக்கக் கூடாது, கிட்னி வருத்தக்காரங்க தொடவே கூடாதுன்னு.

நாச்சியா: எப்ப பாத்த?

ஸஜீதா: மதினி...

நாச்சியா: நேத்தா? போன கெழமயா? அந்த ஊசி வேணாம்னு குறுக்க நின்னியே, அதுக்கு முந்தியா, பிந்தியா? ஒன் கிட்னியத் தாறேன்னு சொன்னியே... வாயத் தொறந்து சொல்லுடி. எப்ப பாத்த?

ஸஜீதா: பெருநா கழிஞ்சு மூணாம் நாள். அன்னைக்கே வந்து மரத்த அடியோட வெட்டி எரிச்சிட்டேன் மதினி... ஒங்க வீட்டு ஐஸ் பெட்டிய மட்டும் நான் நெனைக்கவே இல்ல.