கிளட்ச் பிளேட்டுக்கு வைத்த பொட்டு

கணபதியில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் வேட்டிக்காரர், மற்றவர் புது கிளட்ச் பிளேட்டை மடியில் வைத்திருந்த மெக்கானிக். கிளட்ச் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டிரைவர் அதை மிதிப்பார் என்பதுதான். ஆனாலும் வேட்டிக்காரர் சொன்னதைக் கேட்டதும் என் காது தானாக நீண்டது.

"பழசுல ஒரே ஒரு பொட்டுத்தானுங்க வெச்சேன்."

"பிளேட்டுலயா? எப்பங்க?"

"மாட்டறதுக்கு முன்னால டீ குடிக்கப் போனீங்கல்ல, அப்பங்க. அன்னைக்கு அது புதுச் சாமானாச்சுங்களே."

"குங்குமத்தை எதுலீங்க கொழைச்சீங்க?"

"நல்லெண்ணெயிலீங்க."

"அதாங்க வழுக்குது! எண்ணெய் பட்டா பிளேட்டு புடிக்குமுங்களா? இஞ்சின் கத்துது, காரு மேடேற மாட்டீங்குது."

"விடிஞ்சா முகூர்த்தமுங்க. மாப்பிள்ளை அந்தக் காருலதான் வருவேங்கறாரு."

"மாத்திப்போடறேனுங்க. இதையாச்சும் தொடாம இருங்க."

வேட்டிக்காரர் மடியிலிருந்த குங்குமப் பொட்டலத்தைத் தடவினார். "ஒண்ணும் வெக்காம மாட்டுனா மனசு கேக்காதுங்களே."

"வெச்சே ஆவோணும்னா என் நெத்தியில வெய்யுங்க."

வைத்தார். கொஞ்சம் யோசித்தார். "கூட மாட்டற பிரஷர் பிளேட்டுக்குங்க?"

"அதுக்கும் சேத்தி எனக்கே வெச்சுப்போடுங்க."

பீளமேட்டில் பிளேட் ஒரு கறையும் இல்லாமல் இறங்கியது. மெக்கானிக் இரண்டு பொட்டோடு இறங்கினார்.