பௌர்ணமி லாரி

— சாவியை முதலாளிகிட்ட குடுத்துட்டு வந்துடுங்கன்னுதான் சொல்றேன். லாரியும் வேணாம், நாளைக்குப் பௌர்ணமியும் வேணாம்.

— பௌர்ணமியை நான் எப்படி ராஜம் நிறுத்தறது?

— நக்கலுக்கு மட்டும் கொறைச்சல் இல்ல. டேய் வேணு, உங்க மாமாவுக்கு நீயாவது சொல்லுடா. லாரிக்கு அடியில படுத்துக்கிட்டு என்னத்த நோண்டற?

— இரு அக்கா. தருமன் மாமா, ஒண்ணு கேக்கறேன். மலை சுத்துற கூட்டத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே போவீங்களே, அப்ப மட்டும்தான் தலை சுத்துதா?

— ஆமாம்ப்பா. கிரிவலப் பாதையில எம லிங்கம் தாண்டும்போதே கண்ணு இருட்டும். நிருதி லிங்கத்துக்கிட்ட மலையே எழுந்து நிக்கற மாதிரி தெரியும். அப்புறம் வாந்தி.

— கேட்டுக்கிட்டியா? நம்ம ஆதிமூலம் அண்ணனும் இதையேதான்டா சொன்னாரு. இதே லாரி, இதே சீட்டு. ‘மலை என்னைக் கூப்பிடுது’ன்னு எறங்கிப் போனவருதான். இன்னைக்குச் செங்கம் ரோட்டுல தாடி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, வெள்ளைக்காரங்க கால்ல விழறாங்க. உண்ணாமலை அண்ணி புருஷன் இருந்தும் ஒண்டியா கெடக்கறாங்க. அடுத்தது இவரு! நான் அந்த மாதிரி கெடக்கமாட்டேன், சொல்லிட்டேன்.

— எனக்குத் தாடி சரியா வளராது ராஜம்.

— சிரிக்காதீங்க!

— அக்கா, கொஞ்சம் பேசாம இரு. மாமா, வேங்கிக்கால்ல புதுசா வீடு கட்டறவங்களுக்குத் தெனமும் தண்ணி கொண்டு போறீங்க. அப்ப மலை கூப்பிடுதா?

— இல்லியே. அப்ப வேகமா போவேன், காத்து வரும்.

— அங்கதான் விஷயம். ரெண்டு பேரும் குனிஞ்சு பாருங்க. இது மிலிட்டரி ஏலத்துல எடுத்த கெழட்டு பெட்ரோல் லாரி. எஞ்சின் வயித்துல சேர்ற கெட்ட பொகை, இதோ தொங்குது பாருங்க, இந்தப் பைப்பு வழியாத்தான் வெளிய போவணும். வண்டி வேகமா ஓடுனா காத்து இழுத்துக்கிட்டுப் போயிடும். ஜனத்துக்குப் பின்னால ஊர்ந்துக்கிட்டே போனா? அடிப்பலகை ஓட்டை வழியா மேல ஏறி, நேரா மாமா மூக்குக்குத்தான்.

— பொகையா? அப்ப மலை இல்லியா?

— மலை தேமேன்னு இருக்குக்கா.

— நான் கட்டின கயிறு? சுத்திப் போட்ட எலுமிச்சம்பழம்?

— ஜூஸ் போட்டுக் குடுத்திருந்தா மாமாவுக்கு வாந்தியாவது கம்மியாயிருக்கும்.

— செருப்பால அடிப்பேன். சரி, இப்ப என்னா பண்ணியிருக்க?

— பழைய பைப்பை அடைச்சுட்டேன். எஞ்சின் வயித்துலேர்ந்து ரப்பர் டியூபு, நடுவுல இந்த வால்வு, அந்தப் பக்கம் கார்புரேட்டருக்குக் கீழ சொருகியாச்சு. இனிமே எஞ்சினே அந்தப் பொகையை உறிஞ்சி எரிச்சுடும். இடுப்புல திருநீறு மடிச்ச காயிதம் வெச்சிருப்பியே, குடு. ஆயில் ஊத்துற வாய் மேல வெக்கறேன். இழுத்துப் புடிச்சா ஜெயிச்சோம். மாமா, ஸ்டார்ட் பண்ணுங்க!

— பறந்துடுச்சுடா! காயிதம் பறந்துடுச்சு!

— ஆஃப் பண்ணுங்க மாமா!

— பொகையாவது ஒண்ணாவது, மலைதான் கூப்பிடுது. போயிடுவாரு. இவரும் அண்ணன் மாதிரியே போயிடுவாரு...

— அழுவாதக்கா. வால்வை நான்தான் திருப்பி மாட்டித் தொலைச்சிருக்கேன். ஒரு பக்கமாத்தான் இதுல காத்து போவும். இரு... ம். இப்ப போடுங்க மாமா.

— எஞ்சின் தெணறுது வேணு.

— காத்து ஜாஸ்தியா போவுது. இந்த ஸ்குரூவைக் கொஞ்சம்... ஆங், அடங்கிடுச்சு. அக்கா, காயிதத்தை நீயே வெய்யி.

— வெச்சுட்டேன்டா... ஐயோ, ஒட்டிக்கிச்சு! என்னாங்க, எறங்கி வந்து பாருங்க, கொழந்தை பால் உறிஞ்சற மாதிரி இழுக்குது!

— இங்கயும் நாத்தமே இல்ல ராஜம். கண்ணாடியை ஏத்திவிட்டுத்தான் உக்காந்திருக்கேன்.

— நெசமாவா? தலை சுத்தலியே?

— பசிக்குது. அவ்வளவுதான்.

— அப்பாடா! நாளைக்கு நானும் பக்கத்துல ஏறிக்கறேன். மலையைச் சுத்திட்டு நேரா வீட்டுக்கு.

— அப்ப சாவியை முதலாளிகிட்ட...

— உதை வாங்குவீங்க. டேய் வேணு! அப்ப நம்ம அண்ணனுக்கும் இதே பொகைதானே? கையைக் கழுவு, இப்பவே செங்கம் ரோட்டுக்குப் போவோம். ‘உன்னைக் கூப்பிட்டது மலை இல்லண்ணா, இந்த ஓட்டை லாரி’ன்னு சொல்லி இழுத்துக்கிட்டு வந்துடலாம். அண்ணி மூஞ்சியைப் பாக்கணுமே அப்ப!

— வேணாம்க்கா.

— ஏன்டா?

— அவருக்குத் தெரியும்.

— என்னா தெரியும்?

— இந்த வால்வு நம்ம ஊர்லயும் கெடைக்காது, வேலூர்லயும் கெடைக்காது. யாரோ ஒரு வெள்ளைக்காரர்கிட்ட சொல்லி வரவழைச்சு, போன வாரம் அண்ணனே பட்டறைக்கு வந்து குடுத்துட்டுப் போனாரு. ‘மாப்ளையாவது வீட்டுல இருக்கட்டும்’னாரு.